அல்கொங்குவின் காட்டு ஏரிகளில் குடும்பத்தோடு வள்ளப் பயணம்: ஒரு முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணிநேரத்துக்குச் சற்று அதிகமாக வாகனமோட்டினால் அல்கொங்குவின் மாகாணப் பூங்காவின் மேற்கு வாயிலை அடையலாம். 1893ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட இப்பூங்கா 7,600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பையும் 2,400க்கு மேற்பட்ட ஏரிகளையும் கொண்டது. அதன் தென்பகுதியை 60ஆம் இலக்க நெடுஞ்சாலை 56 கிலோமீட்டர் தூரத்துக்கு ஊடறுத்துச் செல்கிறது. ஸ்காபறோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் நம்மவர்களில் பலர் அந்தச் சாலையோரத்து முகாம்களில் தங்கியிருக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் மேப்பிள் மரங்கள் சிவப்பதைப் பார்க்கப் போய்வந்திருக்கிறார்கள். ஆனால் பூங்காவின் மிகப்பெரும் பகுதிக்கு வாகனம் செல்லும் வழியே கிடையாது. அங்கே போவதற்கு வள்ளமும் துடுப்பும் வேண்டும்; ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு அந்த வள்ளத்தைத் தோளில் சுமந்து கடக்க வேண்டும். பிள்ளைகளுடனும் நண்பர்களுடனும் முதன்முறையாக அப்படியொரு பயணம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். குடும்பப் பயணத்தின் தூரம், நேரம், சுமை ஆகிய எல்லாவற்றையும் குழுவில் மிக மெதுவாகச் செல்லக்கூடியவரை வைத்தே தீர்மானிக்க வேண்டும். அவர் ஆறு வயதுப் பிள்ளையாகவும் இருக்கலாம், முழங்கால் வலியுள்ள பெரியப்பாவாகவும் இருக்கலாம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு கணக்கிலிருந்தே வருகிறது.

காலத்தையும் குழுவையும் தீர்மானித்தல்

ஏரிகளின் பனிக்கட்டி பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் உருகும். மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசிவரை கரும் ஈக்கள் கடித்துக் குதறும்; அவற்றைத் தொடர்ந்து நுளம்புகள் ஜூலை முழுவதும் தொல்லை தரும். அனுபவமுள்ள பெரியவர்கள் வலையுள்ள தொப்பியோடு அதைச் சமாளிப்பார்கள், சிறுபிள்ளைகளால் முடியாது. ஆகையால் முதற்பயணத்துக்கு ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரையுள்ள காலமே மிகச் சிறந்தது என்பேன். பூச்சிகள் குறைந்துவிடும், நீர் குளிக்கக்கூடிய வெப்பத்தில் இருக்கும், பகலும் போதிய அளவு நீண்டிருக்கும். செப்டெம்பர் கடைசியில் காடு பேரழகாக இருக்கும் என்றாலும், அப்போதைய இரவுக் குளிரும் நீரின் குளிரும் பழகாத குடும்பத்துக்கு ஏற்றவையல்ல.

காட்டுப்பகுதி முகாமிடம் ஒன்றில் ஒன்பது பேருக்கு மேல் தங்க அனுமதியில்லை. நம் வழக்கப்படி மச்சான் குடும்பம், அவருடைய நண்பர் குடும்பம் என்று சேர்ந்துகொண்டே போனால் எண்ணிக்கை எளிதில் பதினைந்தைத் தொட்டுவிடும். அப்படியானால் இரண்டு முகாமிடங்களுக்கான அனுமதி எடுக்க வேண்டும். அவை அருகருகே கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எட்டு அல்லது ஒன்பது பேர் கொண்ட குழு மிகப் பொருத்தமானது. ஒவ்வொரு வள்ளத்திலும் துடுப்பு வலிக்கக்கூடிய பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும் என்பதால், மூன்று வள்ளங்களுக்கு ஆறு பெரியவர்களும் மூன்று பிள்ளைகளும் என்ற அளவு சரியாக அமையும்.

வழியைத் தேர்ந்தெடுத்து அனுமதி பெறுதல்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கனூ ஏரியில் தொடங்கும் வழி. மேற்கு வாயிலிலிருந்து கணக்கிட்டால் நெடுஞ்சாலையின் 14ஆவது கிலோமீட்டரில் அதற்கான திருப்பம் வருகிறது. வாகனத் தரிப்பிடமும் அனுமதி அலுவலகமும் வள்ளம் வாடகைக்குத் தரும் கடையும் ஏரிக்கரையிலேயே உள்ளன. ஆகவே வாகனத்தின் கூரையில் வள்ளத்தைக் கட்டிக்கொண்டு வரும் சிரமமில்லை. ஏரியின் வடமுனைவரை நாலைந்து கிலோமீட்டர் துடுப்பு வலித்தால், ஜோ ஏரிக்குக் கடக்கும் 295 மீட்டர் நிலவழி வரும். இப்படி வள்ளம் சுமந்து கடக்கும் வழியை இங்கே எல்லோரும் போர்ட்டேஜ் என்பார்கள். அதைக் கடந்தவுடன் ஜோ ஏரியிலேயே நல்ல முகாமிடங்கள் உள்ளன. சற்று வலுவான குழுவாக இருந்தால் மீண்டும் சுமக்காமலே ரீப்பி ஏரி, லிற்றில் டோ ஏரி வழியாக ரொம் தொம்சன் ஏரிவரை போகலாம். கனடாவின் புகழ்பெற்ற ஓவியரான ரொம் தொம்சன் 1917ஆம் ஆண்டு ஜூலையில் இந்தக் கனூ ஏரியில்தான் உயிரிழந்தார். ஏரியின் வடபகுதியில் அவருக்கு எழுப்பப்பட்ட நினைவுக் கற்குவியலைப் போகும் வழியில் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

மூன்று இரவுகள் தங்கும் பயணமாக இருந்தால், மூன்றையும் ஒரே ஏரியில் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு நாளும் கூடாரத்தைப் பிரித்து, கட்டி, ஏற்றி, அடுத்த இடத்தில் மீண்டும் எழுப்புவதிலேயே பெரியவர்களின் நேரமெல்லாம் கரைந்துவிடும். பிள்ளைகளுக்கோ ஓர் இடம் பழகியவுடன் அதை இழக்க வேண்டிவரும். ஒரே இடத்தில் தங்கினால், நடுவிலுள்ள நாட்களில் வெற்று வள்ளத்தோடு சுற்றுப்புறத்தைப் பார்த்துவர முடியும்.

முன்பதிவு ஒன்ராறியோ பூங்காக்களின் இணையத்தளத்தில், வருகை நாளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பாகக் காலை 7 மணிக்குத் திறக்கும். கோடைகால வாரஇறுதிகளுக்குக் கனூ ஏரிப் பக்கம் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், அன்றைக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பது நல்லது. உங்கள் அனுமதி ஏரிக்கு உரியதே தவிரக் குறிப்பிட்ட முகாமிடத்துக்கு உரியதல்ல. செம்மஞ்சள் நிறப் பலகை அறைந்த இடங்களில் வெறுமையாக உள்ள எதையும் முதலில் வருபவர் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் பிற்பகல் 2 மணிக்கு முன்னர் ஏரியை அடையும்படி திட்டமிட வேண்டும். பிந்திப் போனால் காற்றுக்கு மறைவற்ற, சரிவான இடமே மிஞ்சும். பூங்காவின் வள்ள வழிகளைக் காட்டும் வரைபடத்தின் காகிதப் பிரதி ஒவ்வொரு வள்ளத்திலும் இருக்கட்டும். கைப்பேசிச் சமிக்ஞையை நம்பிப் புறப்படக் கூடாது.

வள்ளமும் உயிர்காப்பு அங்கியும்

வாடகைக்கு எடுக்கும்போது 17 அடி நீளமான, கெவ்லர் என்னும் இலேசான செயற்கை இழையாலான வள்ளத்தைக் கேளுங்கள். அது ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. அலுமினிய வள்ளம் மலிவாகக் கிடைத்தாலும் 30 கிலோவைத் தாண்டும். போர்ட்டேஜில் அந்தப் பத்துக் கிலோ வித்தியாசம் ஒருவரால் சுமக்க முடிவதா முடியாததா என்பதையே தீர்மானித்துவிடும். பணத்தைச் சேமிக்க வேறு இடங்கள் உண்டு, இங்கே சேமிக்க வேண்டாம். நிலத்தில் நிறுத்தினால் மூக்குக்கும் நாடிக்கும் இடைப்பட்ட உயரம் வரும் துடுப்பு பெரியவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு மேலதிகத் துடுப்பு எடுங்கள். பிள்ளைகளுக்கும் அவர்கள் அளவில் சிறு துடுப்புகள் கொடுங்கள். அவர்கள் வலிப்பதால் வள்ளம் விரைந்து போகாது என்றாலும், கையில் துடுப்பில்லாத பிள்ளை பத்து நிமிடத்தில் சலித்துப்போகும்.

ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, குறைந்தது 15 மீட்டர் நீளமான மிதக்கும் கயிறு, ஊதுகுழல், நீர் இறைக்கும் கோப்பை ஆகியவை ஒவ்வொரு வள்ளத்திலும் இருக்க வேண்டும். பெரியவர்கள் அங்கியை அணியாமல் வள்ளத்தில் போட்டுவைத்தால் சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், உயிருக்குப் போதாது. குடும்பப் பயணத்தில் நீரில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எல்லோரும் அணிந்து, கொக்கியை மாட்டியிருக்க வேண்டும் என்ற விதிக்கு எந்த விலக்கும் வேண்டாம். பிள்ளையின் அங்கியைத் தோள்பட்டியில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை வள்ளத்தோடு கட்டக் கூடாது.

புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், வீட்டுக்கு அருகேயுள்ள அமைதியான சிறு ஏரி ஒன்றில் எல்லோரும் ஒரு பகல் பழகுங்கள். முன்முனையான அணியத்தில் இருப்பவர் வலிமைக்காக வலிக்கிறார். பின்முனையான கடையாரில் இருப்பவரே திசையைக் காக்கிறார். ஒரே பக்கம் வலித்தால் வள்ளம் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதால், கடையாரில் இருப்பவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பின் அலகை வெளிப்புறமாகத் திருப்பி நீரைச் சற்றுத் தள்ளப் பழக வேண்டும். கரைக்கு அருகே வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்ந்து பார்ப்பதும் அன்றைய பாடத்தில் சேரட்டும். கவிழ்ந்த வள்ளம் மூழ்காமல் மிதக்கும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டுவிட்டால் அவர்களுடைய பயத்தில் பாதி போய்விடும்.

உணவு

இந்தப் பூங்காவின் காட்டுப்பகுதிக்குள், எரித்து அழிக்க முடியாத, ஒருமுறை பயன்படுத்தி எறியும் உணவு, பானக் கொள்கலன்களைக் கொண்டுபோகத் தடை உண்டு. ரின் மீன், தேங்காய்ப்பால் ரின், சோடாப் போத்தல், பியர் ரின் எல்லாம் இதில் அடங்கும். நம் வீட்டுப் பயணங்களில் முதலில் கூடைக்குள் போவதே ரின் மீனும் தேங்காய்ப்பாலும்தான் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் போத்தல்கள், டப்பாக்களுக்குத் தடையில்லை. எரிபொருள், மருந்து, பூச்சிவிரட்டி ஆகியவற்றின் கொள்கலன்களும் அனுமதிக்கப்பட்டவை.

நம் சமையலறையோ உலர்ந்த உணவுகளால் நிறைந்தது, இந்தப் பயணத்துக்கு அது மிகப் பெரிய வசதி. ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, உழுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்துக் கலந்து பையில் அடைத்தால், கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடத்தில் உப்புமா கிடைக்கும். மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே விரைவில் வேகும். அதோடு மஞ்சள், சீரகம், உலர்ந்த வெங்காயம், தேங்காய்ப்பால் மா ஆகியவற்றை அளந்து ஒரே பையில் போட்டுவையுங்கள். வறுத்த பயற்றம்பருப்பும் பச்சையரிசியும் சேர்ந்த பொங்கல் கலவை, அவல், சீனிச் சம்பல், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம் எல்லாம் கெடாதவை, வயிற்றை நிரப்புபவை. கோதுமை மாவும் சிறு தாச்சியும் இருந்தால் மாலையில் பிள்ளைகளே ரொட்டி தட்டுவார்கள். மசாலா தடவிய கோழி இறைச்சியைக் கல்லாக உறையவைத்து, பொலித்தீன் பைகளில் இரட்டையாகக் கட்டி எடுத்துப்போனால் முதலிரவு சமைத்துவிடலாம். இரண்டாம் நாளுக்கு அதை நம்ப வேண்டாம். கருவாட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள், ஏனென்றால் அந்த வாசனை கரடிக்கு நெடுந்தூரம் எட்டும்.

ஒவ்வொரு வேளைக்கும் உரியதைத் தனிப் பையிலிட்டு, பையின்மேல் நாளையும் வேளையையும் எழுதுங்கள். மழையில் தறப்பாளின் கீழ் நின்று சமைக்கும்போது எதையும் தேட வேண்டியிராது. இவற்றுக்கு மேலாக ஒரு முழு நாளுக்கான உணவு கூடுதலாக இருக்க வேண்டும். காற்று அடங்காமல் ஒரு நாள் கரையிலேயே காத்திருக்க நேர்ந்தால் அது உதவும். விறகை மட்டும் நம்பாமல் காஸ் அடுப்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வறட்சிக் காலத்தில் தீ மூட்டத் தடை விதிக்கப்படுவதுண்டு. புறப்படுமுன் அதை விசாரிக்கவும் வேண்டும்.

உடையும் பொதியும்

பருத்தி ஆடைகளையும் ஜீன்ஸையும் தவிருங்கள். நனைந்தால் அவை காயவே காயாது, உடலின் வெப்பத்தையும் உறிஞ்சிவிடும். பொலியெஸ்ரர், கம்பளி ஆகியவையே ஏற்றவை. ஆகஸ்டிலும் இரவுகள் குளிரும் என்பதால் கம்பளித் தொப்பியும் சுழியம் பாகைக்குத் தாங்கும் உறக்கப்பையும் எல்லோருக்கும் வேண்டும். நனைவதற்கென ஒரு சோடி காலணி, முகாமில் அணிய உலர்ந்த சோடி ஒன்று. பொதிக்குள் தடித்த குப்பைப் பையை விரித்து, அதற்குள் உறக்கப்பைகளையும் மாற்றுடைகளையும் வைத்து முறுக்கிக் கட்டினால் வள்ளம் கவிழ்ந்தாலும் அவை நனையாது. கையில் தொங்கும் சிறு பைகளைக் குறைத்து, முதுகில் மாட்டக்கூடிய சில பெரிய பொதிகளாகச் சுருக்குவது போர்ட்டேஜில் பேருதவியாக இருக்கும்.

நீரின் மேல்

வீட்டில் எல்லோரும் கரடியைப் பற்றியே கேட்பார்கள். உண்மையில் இந்தப் பயணத்தில் ஒரு பெற்றோர் அதிகம் கவலைப்பட வேண்டியவை காற்றும் குளிர்நீருமே. ஏரிகள் காலையில் அமைதியாகக் கிடக்கும். முற்பகல் கழியும்போது காற்று, பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ, வலுக்கத் தொடங்கும். திறந்த ஏரியில் பிற்பகலுக்குள் வெண்ணுரை அலைகள் எழுந்துவிடும். ஆகையால் முதல்நாள் இரவை ஹன்ற்ஸ்வில் நகரிலோ நெடுஞ்சாலையோர முகாமிலோ கழித்துவிட்டு, காலை 8 மணிக்கெல்லாம் நீரில் இறங்குவது மிகவும் நல்லது. ரொறன்ரோவிலிருந்து விடிகாலையில் புறப்பட்டு, வரிசையில் நின்று, வள்ளம் எடுத்து, நண்பகலில் நீரில் இறங்கும் திட்டம், களைத்த பிள்ளைகளையும் எழும் அலைகளையும் ஒரே நேரத்தில் சந்திக்கவைக்கும்.

பாரமான பொதிகளை வள்ளத்தின் நடுவே, அடித்தளத்தில் படுக்கவையுங்கள். எடை கூடியவர் கடையாரில் அமரட்டும். பிள்ளை நடுவில், மெத்தைத் துண்டின்மேல் தரையிலேயே அமர வேண்டும். ஏறும்போது ஒருவர் வள்ளத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குனிந்து, இரு விளிம்புகளையும் பற்றி, நடுக்கோட்டில் காலை வைத்து நகர வேண்டும். நீரில் ஒருவரும் எழுந்து நிற்கக் கூடாது.

மிக மெதுவான வள்ளமே முன்னே செல்ல வேண்டும். வலுவானவர்கள் பின்னால் வரட்டும். குரல் கேட்கும் தூரத்துக்கு அப்பால் எந்த வள்ளமும் விலகக் கூடாது. ஏரியின் நடுவே குறுக்கே வெட்டினால் தூரம் குறையும் என்றாலும் கரையோரமாகவே போங்கள். குடும்பமாகச் செல்லும்போது மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வேகமே கிடைக்கும்; அதிலும் தின்பண்டத்துக்கும் சிறுநீருக்கும் நிற்கும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மது அருந்துவது வள்ளத்தில் இருக்கும்வரை எவருக்கும் வேண்டாம்.

கவிழ்ந்துவிட்டால் முதலில் பிள்ளைகளை எண்ணுங்கள், பிறகு வள்ளத்தைப் பற்றிக்கொள்ளுங்கள். கரை அருகில் தெரிந்தாலும் வள்ளத்தை விட்டு நீந்தக் கூடாது. கடுங்குளிர் நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஏறத்தாழ ஒரு நிமிடமும், கைகால்கள் சொன்னபடி இயங்கப் பத்து நிமிடமும், குளிரால் உணர்விழக்கும்வரை ஒரு மணிநேரமும் உண்டு என்று கனடாவில் பாதுகாப்புப் பாடங்களில் கற்பிக்கிறார்கள். ஆகவே முதல் நிமிடத்தில் பதறாமல் மூச்சுவிடுவது, அடுத்த பத்து நிமிடத்துக்குள் மற்ற வள்ளத்தின் உதவியோடு நீரைவிட்டு வெளியேறுவது என்ற ஒழுங்கைப் பெரியவர்கள் எல்லோரும் மனத்தில் பதித்திருக்க வேண்டும்.

போர்ட்டேஜ்

மஞ்சள் பலகையில் வள்ளம் சுமக்கும் மனித உருவமும் தூரமும் எழுதியிருக்கும். கரையேறியவுடன் பொருள்களை ஓரமாக ஒதுக்கி, பின்னால் வருபவர்களுக்கு இறங்குதுறையை விட்டுக்கொடுங்கள். இருவர் சேர்ந்து வள்ளத்தைத் தலைகீழாகத் தூக்க, ஒருவர் வள்ளத்தின் நடுவே குறுக்காக உள்ள நுகத்தடியைத் தோளில் ஏற்றிக்கொண்டால் அவர் தனியாகவே நடந்துபோவார். அவருக்குக் காலடி மட்டுமே தெரியும் என்பதால் முன்னால் ஒருவர் நடந்து வேரையும் கல்லையும் சொல்லிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நடையில் சுமந்து முடிக்கக் குடும்பங்களால் முடியாது. இரு சுமை என்றால் போய், வெறுங்கையோடு திரும்பி, மீண்டும் போவதால் 295 மீட்டர் 885 மீட்டர் ஆகிவிடும். முதற்பயணத்துக்கு ஒரே ஒரு குறுகிய போர்ட்டேஜ் போதும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

பிள்ளைகள் தங்கள் துடுப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் தாங்களே சுமக்கட்டும். அக்கரையில் எள்ளுருண்டை காத்திருக்கிறது என்றால் முணுமுணுப்பின்றிப் போய்ச்சேருவார்கள். இரு கரையிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீரோரத்தில் பிள்ளைகள் தனியே நிற்கும் இடைவெளி அங்கேதான் நேர்கிறது.

முகாமில்

கூடாரம் எழுப்புமுன் மேலே பாருங்கள். பட்டுப்போன மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ தலைக்கு மேலிருந்தால் அந்த இடம் எவ்வளவு சமதரையாக இருந்தாலும் வேண்டாம். முதலில் தறப்பாளைக் கட்டுங்கள், பிறகு கூடாரங்கள். வள்ளங்களை நீரிலிருந்து நன்றாக மேலே இழுத்து, கவிழ்த்து, மரத்தோடு கட்ட வேண்டும். இரவுக் காற்று வள்ளத்தைக் கொண்டுபோய்விட்டால் திரும்பும் வழியும் போய்விடும்.

ஏரிநீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தாலும் குடலைப் பாதிக்கும் கியார்டியா போன்ற கிருமிகள் அதிலிருக்கலாம். வடிகட்டியால் வடிக்கவோ, குறைந்தது ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைக்கவோ வேண்டும். ஒன்பது பேருக்கு நீர் கொதிக்கவைத்தே மாளாது. உயரத்தில் தொங்கவிட்டால் தானாக வடியும் பைவகை வடிகட்டி குழுவுக்கு மிக ஏற்றது. பாத்திரங்களை ஏரியில் கழுவக் கூடாது. நீரை வாளியில் மொண்டு, கரையைவிட்டு நன்றாக உள்ளே போய்க் கழுவி, அழுக்கு நீரை மண்ணில் ஊற்றுங்கள். கழிப்பறை என்பது காட்டுக்குள் சற்றுத் தள்ளி வைக்கப்பட்ட, மூடியுள்ள மரப்பெட்டி. சுவரும் கூரையும் இராது. இதைப் பிள்ளைகளுக்கும் அம்மம்மாவுக்கும் வீட்டிலேயே சொல்லி ஆயத்தப்படுத்துவது நல்லது. இரவில் தனியே போகவேண்டாம், தலைவிளக்கோடு இருவராகப் போகலாம்.

தீயை ஏற்கெனவே கல்லடுக்கிய இடத்தில் மட்டும் மூட்டுங்கள். நிலத்தில் விழுந்து காய்ந்த விறகை மட்டும் எடுங்கள். நிற்கும் மரத்தில் கைவைக்கக் கூடாது. படுக்கப்போகுமுன் நீரூற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோனாலும் சூடு தெரியாதவரை அணைக்க வேண்டும்.

இனிக் கரடி. இங்குள்ளவை கருங்கரடிகள், மனிதரைவிட மனிதரின் உணவிலேயே அவற்றுக்கு நாட்டம். உணவு, குப்பை, பற்பசை, சவர்க்காரம், வெயிற்பூச்சு, பிள்ளையின் சட்டைப்பையிலுள்ள இனிப்பு என்று மணக்கும் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பொதியில் கட்டி, நிலத்திலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் அடிமரத்திலிருந்து 2 மீட்டர் விலகியும் தொங்கவிடுங்கள். பொருத்தமான கிளையை வெளிச்சம் இருக்கும்போதே கண்டுபிடித்துக் கயிற்றைப் போட்டுவைக்க வேண்டும். கரடி எதிர்ப்பட்டால் ஓடாமல், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, உரத்த குரலில் பேசியபடி பின்னே நகருங்கள். பாத்திரங்களைத் தட்டுவதும் உதவும். சிவப்பு அணில்களும் ரக்கூன்களும் இதைவிட அடிக்கடி உங்கள் அவல் பைக்கு வருகை தரும்.

மருந்தும் அவசரமும்

நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களின் மருந்துகளை இரண்டாகப் பிரித்து இரண்டு வள்ளங்களில் வையுங்கள்; ஒரு பொதி நனைந்தாலும் மற்றது இருக்கும். இன்சுலின் வெயிலில் சூடாகக் கூடாது. குழுவில் முதியவரோ சிறுபிள்ளையோ இருந்தால் செய்மதிவழிச் செய்தி அனுப்பும் கருவியொன்றை வாடகைக்காவது எடுங்கள். ஊதுகுழலை மூன்றுமுறை ஊதினால் ஆபத்து என்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்கி, வழிதவறினால் நின்ற இடத்திலேயே மரமொன்றைக் கட்டிப்பிடித்து ஊதச் சொல்லுங்கள். அருகிலுள்ள மருத்துவமனை நகரம் ஹன்ற்ஸ்வில். ஏரியின் பெயர், வாகன இலக்கம், திரும்பும் நாள், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் பூங்காவை அழைக்க வேண்டும் என்பனவற்றை எழுதி, ஊரில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும்.

திரும்புதல்

கடைசிநாள் காலைச் சமையல் வேண்டாம். அவலும் தேநீரும் போதும். முந்தைய இரவே பாதிப் பொதியைக் கட்டிவிட்டால் 8 மணிக்கு முன்னர் நீரில் இறங்கிவிடலாம். எல்லோரும் வரிசையாக முகாமிடத்தைக் கடந்து நடந்து, மற்றவர் விட்டுப்போன குப்பையையும் சேர்த்துப் பொறுக்குங்கள். கனூ ஏரியின் நீளத்தில் எதிர்க்காற்று எழுந்தால் கரையேறிக் காத்திருங்கள். வாடகை வள்ளத்தைப் பிந்திக் கொடுப்பதற்காகக் கட்டும் பணம் பொருட்டல்ல. சமிக்ஞை கிடைத்தவுடன், பயண விவரத்தைக் கொடுத்துவைத்தவருக்கு முதலில் அழையுங்கள். வீடு சேர்ந்ததும் கூடாரங்களையும் தறப்பாளையும் அன்றே விரித்து முழுமையாக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டிவைத்தால் ஒரு வாரத்துக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.